விஎம், கன்டெய்னருக்குள் மட்டும் இணையம் மெதுவாக இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் வீடியோ தடங்கலில்லாமல் ஓடுகிறது; அதே லேப்டாப்பில் இருக்கும் உபுண்டு விஎம்முக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஒரு பேக்கேஜ் இறங்க அரை மணி நேரம் ஆகிறது. அல்லது சர்வரில் சட்டென்று இறங்கும் கோப்பு, அதே சர்வரின் டாக்கர் கன்டெய்னருக்குள் (செயலியைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி) பாதியில் நின்றுவிடுகிறது. இந்தச் சிக்கலோடு வருகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைத்த நாலைந்து வைத்தியங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள்: ஐபிவி6-ஐ அணை, ஆஃப்லோடை அணை, டிஎன்எஸ்ஸை 8.8.8.8 ஆக்கு. சில நேரம் சரியாகிவிடும். எது சரி செய்தது என்று தெரியாததால், அடுத்த அப்டேட்டில் திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து. கீழே உள்ள பதில்கள் எல்லாம் ஒரே வழியில் போகின்றன: முதலில் அளப்பது, காரணத்தைப் பிடிப்பது, அப்புறம்தான் அமைப்பில் கை வைப்பது.

எங்கிருந்து தொடங்க வேண்டும்?

"மெதுவாக இருக்கிறது" என்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். மூன்று வகை உண்டு; மூன்றுக்கும் காரணம் வேறு.

முதல் வகை, ஆரம்பிக்கத்தான் நேரமாகிறது. சில விநாடி ஒன்றுமே நடக்காது. தொடங்கிய பிறகு முழு வேகத்தில் இறங்கும். இது பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை.

இரண்டாவது, சின்ன விஷயங்கள் எல்லாம் வேலை செய்யும், பெரிய கோப்பு தொங்கும். பிங் போகும், எஸ்எஸ்எச் லாகின் கூட ஆகும். நீளமான வெளியீடு வந்தால் திரை உறைந்துவிடும். இது அனேகமாக எம்டியூ, அதாவது பாக்கெட்டின் அதிகபட்ச அளவு (விளக்கம் கீழே).

மூன்றாவது, தொடக்கமும் சரி, நடுவில் தொங்கலும் இல்லை, ஆனால் சீராக மெதுவாகவே போகிறது. நெட்வொர்க் கார்டு வகை, நேட் முறை (உள்ளிருக்கும் விஎம்மின் இணைப்பை வெளிக் கணினியின் முகவரியில் அனுப்புவது), சிபியூ, இந்த மூன்றில் ஒன்று.

எந்த வகை என்று சொல்ல முடிந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் பாதியைத் தாண்டிப் போய்விடலாம்.

எப்படி அளப்பது? ஸ்பீட் டெஸ்ட் தளம் போதாதா?

போதாது. ஸ்பீட் டெஸ்ட் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறந்து, அருகிலுள்ள சர்வரோடு பேசும். உங்கள் கிட் குளோன் (கோட் களஞ்சியத்தை இறக்குவது) ஒரே இணைப்பில் எங்கோ தொலைவில் உள்ள சர்வரோடு பேசும். இரண்டையும் ஒப்பிட முடியாது.

ஐபெர்ஃப்3 என்ற சிறு கருவியை ஹோஸ்ட்டிலும் (விஎம்மைத் தாங்கும் உண்மையான கணினி) விஎம்மிலும் நிறுவுங்கள். ஹோஸ்ட்டில் அதை சர்வராக ஓட விடுங்கள். 5201 போர்ட்டில் காத்திருக்கும், ஃபயர்வாலில் அதைத் திறக்க வேண்டியிருக்கலாம். விஎம்முக்குள்ளிருந்து ஹோஸ்ட்டுக்கு ஒருமுறை, ரிவர்ஸ் விருப்பத்தோடு எதிர்த்திசையில் ஒருமுறை ஓட்டுங்கள். இந்தப் பாதையில் உங்கள் இணைய நிறுவனத்துக்கு வேலையே இல்லை. இங்கேயே 100 மெகாபிட்தான் வருகிறது என்றால் கோளாறு கணினிக்குள்ளேயே இருக்கிறது. ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை. விர்ட்ஐஓ கார்டு (விஎம்முக்கென்றே அமைந்த மென்பொருள் கார்டு, விளக்கம் கீழே) உள்ள விஎம்மில், சாதாரண மேசைக்கணினியிலேயே நொடிக்குப் பல ஜிகாபிட் வரும்.

உள் பாதை நன்றாக இருந்தால், வெளியே உள்ள ஒரே கோப்பை, ஒரே முகவரியிலிருந்து, ஹோஸ்ட்டிலும் விஎம்மிலும் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஒரே வேகம் என்றால் விஎம் மேல் தப்பில்லை.

டாக்கருக்கு இன்னும் எளிய சோதனை உண்டு. அதே இமேஜை (கன்டெய்னர் உருவாகும் மூலக் கோப்பு) ஒருமுறை வழக்கம்போலவும், ஒருமுறை ஹோஸ்ட் நெட்வொர்க் முறையிலும் ஓட்டுங்கள். ஹோஸ்ட் முறையில் சரியாகிவிட்டால் பிரிட்ஜ் (கன்டெய்னர்களை ஹோஸ்ட்டோடு இணைக்கும் மென்பொருள் சுவிட்ச்), எம்டியூ, டிஎன்எஸ் பக்கம் தேடலாம். அதிலும் மெதுவாக இருந்தால் பிரிட்ஜை விட்டுவிடுங்கள். ஹோஸ்ட் முறையிலேயே நிரந்தரமாக விட்டுவிடும் பழக்கம் வேண்டாம். போர்ட்கள் மோதும், கன்டெய்னரைத் தனியாகப் பிரித்து வைத்ததன் பயனும் போய்விடும்.

ஒரு விஷயம்: ஐபெர்ஃப்3 கருவியின் 3.16-க்கு முந்தைய பதிப்புகள் எத்தனை இணைப்பு கேட்டாலும் ஒரே த்ரெட்டில்தான் ஓடும். 10 ஜிகாபிட்டுக்கு மேல் அளக்கும்போது கருவியே தடையாக நிற்கக்கூடும்.

100 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்திருக்கிறேன், விஎம்மில் 12 தான் காட்டுகிறது. ஏன்?

அது கோளாறே இல்லை. இணையத் திட்டம் மெகாபிட் கணக்கு. டவுன்லோடு கருவிகள் காட்டுவது மெகாபைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5.

விஎம்முக்கு எந்த நெட்வொர்க் கார்டைத் தேர்ந்தெடுப்பது?

வாய்ப்பு இருக்கும் இடத்தில் எல்லாம் விர்ட்ஐஓ. விஎம்வேரில் அதற்குச் சமமானது விஎம்எக்ஸ்நெட்3.

காரணம் இது. இன்டெல் இ1000 போன்ற கார்டை விஎம்முக்குக் கொடுத்தால், இல்லாத ஒரு சில்லை, விஎம்களை ஓட்டும் ஹைப்பர்வைசர், மென்பொருளில் நடித்துக் காட்டுகிறது. கெஸ்ட்டின் (விஎம்முக்குள் ஓடும் இயங்குதளம்) டிரைவர் அந்தச் சில்லின் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் சிபியூ கெஸ்ட்டை நிறுத்திவிட்டு ஹைப்பர்வைசருக்குத் தாவி, வேலையை முடித்துத் திரும்ப வர வேண்டும். நொடிக்குப் பல்லாயிரம் பாக்கெட் போகும்போது இந்தத் தாவலே சிபியூவைத் தின்றுவிடும். விர்ட்ஐஓ எந்த நிஜச் சில்லையும் போல நடிப்பதில்லை. தான் விஎம்முக்குள் இருப்பது கெஸ்ட்டுக்குத் தெரியும். இருவரும் பகிரும் நினைவகத்தில் பாக்கெட்களை வரிசையாக வைத்துவிட்டு, மொத்தமாக ஒரு தட்டு தட்டிச் சொல்கிறார்கள். ரஸ்டி ரஸ்ஸல் முன்வைத்த இந்த முறை 2008 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. எனவே லினக்ஸ் கெஸ்ட்டில் எதையும் நிறுவ வேண்டாம், கார்டு வகையை மாற்றினாலே போதும்.

கேவிஎம் (லினக்ஸ் கெர்னலின் ஹைப்பர்வைசர்) பயன்படுத்துபவர்கள் இன்னும் இரண்டைப் பார்க்க வேண்டும். வீஹோஸ்ட் நெட் மாட்யூல் ஏறியிருக்கிறதா? அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பாக்கெட்டும் க்யூஎமு (கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் செயலி) புராசஸ் வழியாகச் சுற்றிப் போகும். அடுத்து, ஒரே ஒரு க்யூவா, பலவா? ஒரு க்யூவை ஒரு சிபியூதான் கவனிக்கும். நான்கு விர்ச்சுவல் சிபியூ கொடுத்தும் டாப் கட்டளையில் ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் மூச்சு வாங்கினால், மல்டிக்யூவைத் திறந்து எண்ணிக்கையைச் சிபியூ அளவுக்கு உயர்த்துங்கள். வீட்டு இணைய வேகத்துக்கு இது தேவைப்படாது. ஜிகாபிட்டைத் தாண்டும் சர்வர்களில் வித்தியாசம் தெரியும்.

பழைய விஎம் கோப்பு ஒன்றை எடுத்து ஓட்டுகிறீர்கள் என்றால், கார்டு ரியல்டெக் 8139 ஆக இருக்கிறதா என்று பாருங்கள். அது 100 மெகாபிட் காலத்துக் கார்டு.

விண்டோஸ் கெஸ்ட்டில் விர்ட்ஐஓ போட்டால் நெட்வொர்க்கே காணாமல் போகிறதே?

விண்டோஸில் அந்த டிரைவர் உள்ளடங்கி வருவதில்லை. virtio-win என்ற பெயருள்ள ஐஎஸ்ஓ கோப்பை ஹோஸ்ட்டில் இறக்கி, விஎம்மின் சிடியாகக் கொடுத்து, டிவைஸ் மேனேஜரிலிருந்து நெட்கேவிஎம் டிரைவரை நிறுவுங்கள். ஐஎஸ்ஓவை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு அப்புறம் கார்டை மாற்றுவது நல்லது.

நேட், பிரிட்ஜ், எது வேகம்?

"நேட் மெதுவானது" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமில்லை. எந்த நேட் என்று கேட்க வேண்டும்.

கெர்னலுக்குள் நடக்கும் நேட், அதாவது லிப்விர்ட்டின் (கேவிஎம் விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) இயல்பு நெட்வொர்க், டாக்கரின் பிரிட்ஜ் போன்றவை, வீட்டு இணைய வேகத்துக்கு உணரும்படி எந்தத் தடையும் தராது. மெதுவாவது யூசர்ஸ்பேஸ் நேட். க்யூஎமுவின் ஸ்லிர்ப், விர்ச்சுவல்பாக்ஸின் சாதாரண நேட் ஆகியவை இந்த வகை: கெஸ்ட் அனுப்பும் டிசிபி இணைப்பை ஒரு சாதாரண புராசஸ் பிரித்துப் படித்து, தன் பெயரில் புது இணைப்பு திறந்து, தரவை நகலெடுத்து அனுப்புகிறது. கெஸ்ட்டின் ஐபி 10.0.2.15, கேட்வே 10.0.2.2 என்று இருந்தால் நீங்கள் இந்த வகை நேட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

கம்பி இணைப்பு இருந்தால் பிரிட்ஜுக்கு (விஎம் உங்கள் நெட்வொர்க்கில் தனிக் கணினி போல நேரடியாகச் சேரும் முறை) மாறுங்கள். லிப்விர்ட் இருந்தால் அதன் நேட்டே போதும்.

வைஃபையில் பிரிட்ஜ் சரியாக வரவில்லையே?

வராது. வைஃபை நெறிமுறையில் ஒரு கிளையன்ட்டுக்கு ஒரு மேக் முகவரி என்பதுதான் வழக்கம்; பின்னால் இன்னொரு மேக் முகவரி ஒளிந்திருந்தால் ஆக்சஸ் பாயின்ட் ஏற்காது. விர்ச்சுவல்பாக்ஸ் மேக் முகவரியை மாற்றி எழுதிச் சமாளிக்கிறது; லினக்ஸ் பிரிட்ஜ் அப்படிச் செய்வதில்லை. வைஃபையில் நேட்டோடு இருங்கள்.

விண்டோஸ் ஹோஸ்ட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் முழுவதுமே ஆமை வேகத்தில் ஓடுகிறது. நெட்வொர்க்கும் அப்படித்தான்.

விஎம் ஜன்னலின் கீழ் வலது மூலையில் பச்சை நிற ஆமைச் சின்னம் இருக்கிறதா பாருங்கள். நிஜமாகவே ஆமைப் படம்தான். விண்டோஸின் ஹைப்பர்-வி ஏற்கெனவே வன்பொருளைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி ஓட வேண்டியிருக்கிறது என்று அதற்குப் பொருள். டபிள்யூஎஸ்எல்2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி), டாக்கர் டெஸ்க்டாப், கோர் ஐசலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி, இவற்றில் எது இயங்கினாலும் இது நடக்கும்.

ஹைப்பர்-வியை அணைத்தால் விர்ச்சுவல்பாக்ஸ் வேகம் பெறும். ஆனால் டபிள்யூஎஸ்எல்2-வும் டாக்கர் டெஸ்க்டாப்பும் நின்றுவிடும். இரண்டும் வேண்டும் என்றால் விஎம்மை ஹைப்பர்-விக்கே மாற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து. மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்பு அம்சம்; வேகத்துக்காக அதை அணைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிங் போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன. ஆனால் கன்டெய்னருக்குள் டவுன்லோடு தொங்குகிறது. ஹோஸ்ட்டில் அதே முகவரி நன்றாக இறங்குகிறது. எப்படி?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். ஆட்களை அதிகம் சுற்றவிடுவது இந்தச் சிக்கல்தான்.

எம்டியூ என்பது ஒரு வழித்தடத்தில் ஒரே மூச்சில் போகக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. ஈதர்நெட்டில் 1500 பைட். ஆனால் வழி எல்லா இடத்திலும் 1500 இல்லை. பிபிபிஓஇ வழி வரும் ஃபைபரில் 1492. வயர்கார்டு விபிஎன் இயல்பாக 1420. விஎக்ஸ்லேன் (பாக்கெட்டை இன்னொரு பாக்கெட்டுக்குள் பொதிந்து அனுப்பும் முறை) மேல் ஓடும் நெட்வொர்க்கில் 50 பைட் தலைப்புக்குப் போய்விடுவதால் 1450. கூகுள் கிளவுடின் விபிசி என்ற உள் நெட்வொர்க்கில் இயல்பு அளவு 1460. உயரத் தடுப்பு வைத்த ரயில்வே சுரங்கப்பாதை மாதிரி: கார், பைக் எல்லாம் போகும், சுமை ஏற்றிய லாரி மட்டும் நிற்கும்.

டாக்கர் தன் பிரிட்ஜுக்கு 1500 என்றே வைக்கும். ஹோஸ்ட் 1420-இல் இருந்தாலும் அது தானாகக் குறைத்துக்கொள்ளாது.

சரி, ஹோஸ்ட்டில் ஏன் தொங்கவில்லை? டிசிபி இணைப்பு தொடங்கும்போது ஒவ்வொரு பக்கமும் "எனக்கு இவ்வளவு பெரிய துண்டு அனுப்பலாம்" என்று ஓர் எண்ணைச் சொல்லும். அதுதான் எம்எஸ்எஸ், எம்டியூவிலிருந்து தலைப்புகளுக்கு 40 பைட் கழித்தது. விபிஎன்னில் உள்ள ஹோஸ்ட் 1380 என்று சொல்கிறது. அந்தப் பக்கத்து சர்வர் அதற்கேற்ற துண்டுகளையே அனுப்புகிறது. கன்டெய்னரோ தன் கார்டில் 1500 பார்த்துவிட்டு 1460 என்கிறது. சர்வர் அதை நம்பி முழு அளவு பாக்கெட் அனுப்புகிறது. அது விபிஎன் வாசலில் நுழைய முடியாமல் தூக்கி எறியப்படுகிறது. "அளவைக் குறை" என்ற ஐசிஎம்பி செய்தி சர்வருக்குத் திரும்பிப் போக வேண்டும். ஆனால் எத்தனையோ ஃபயர்வால்கள் பாதுகாப்பு என்ற பெயரில் ஐசிஎம்பி முழுவதையும் தடுத்து வைத்திருக்கின்றன. செய்தி போய்ச் சேராததால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும்.

அப்லோடு நன்றாகப் போய், டவுன்லோடு மட்டும் தொங்குவதற்கும் இதுதான் காரணம். வெளியே போகும் பெரிய பாக்கெட்டை உங்கள் ஹோஸ்ட்டே பார்த்துக் கன்டெய்னரிடம் சொல்லிவிடும். உள்ளே வருவதற்கு அப்படிச் சொல்ல யாருமில்லை.

கர்ல் கட்டளையை (முகவரியிலிருந்து கோப்பை இறக்கும் கட்டளை) விளக்கமான வெளியீட்டோடு ஓட்டினால் இது கண்ணுக்கே தெரியும். இணைப்பு கிடைத்துவிட்டது என்று வரும். டிஎல்எஸ் கிளையன்ட் ஹலோ அனுப்பியது என்று வரும். அதோடு நின்றுவிடும். அடுத்து வர வேண்டியது சர்வரின் சான்றிதழ். அதுதான் முதல் பெரிய பாக்கெட்.

உறுதிப்படுத்த, கன்டெய்னருக்குள்ளிருந்து பிங் கட்டளையில் துண்டாக்கத் தடை விதித்து 1472 பைட் அனுப்புங்கள். லினக்ஸ் பிங்கில் பெரிய எழுத்து எம் (-M) விருப்பத்துக்கு "டூ" (do) என்ற மதிப்பு; அளவுக்குச் சிறிய எஸ் (-s). 1472-உடன் 28 பைட் தலைப்பு சேர்ந்தால் 1500. பதிலுக்கு 172.17.0.1 முகவரியிலிருந்து "துண்டாக்க வேண்டியிருக்கிறது, எம்டியூ 1420" என்ற பொருளில் பிழை வந்தால் கதை முடிந்தது, எண்ணும் கையில் கிடைத்துவிட்டது. பதிலே வராமல் போனால் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, போகும் பெரிய எண்ணைக் கண்டுபிடித்து 28-ஐக் கூட்டுங்கள். ஆல்பைன் போன்ற சின்ன இமேஜ்களில் உள்ள பிஸிபாக்ஸ் பிங்கில் அந்த விருப்பம் இருக்காது. முழு பிங் உள்ள வேறொரு இமேஜை எடுத்துக்கொள்ளுங்கள்.

டாக்கரின் அமைப்புக் கோப்பான டீமன் ஜேசனில் (daemon.json) எம்டியூவை மாற்றிவிட்டேன். காம்போஸில் ஓடுபவை இன்னும் தொங்குகின்றன.

அந்த அமைப்பு டாக்கரின் இயல்பு பிரிட்ஜுக்கு மட்டும்தான். டாக்கர் காம்போஸ் (பல கன்டெய்னர்களை ஒரே கோப்பில் எழுதி ஓட்டும் கருவி) ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நெட்வொர்க் உருவாக்குகிறது. அது மறுபடி 1500-இல் பிறக்கும். காம்போஸ் கோப்பில் நெட்வொர்க்ஸ் பகுதியில், டிரைவர் ஆப்ட்ஸ் என்பதன் கீழ் எம்டியூ மதிப்பைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு பழைய நெட்வொர்க்கை நீக்கிவிட்டு மறுபடி எழுப்புங்கள். ஏற்கெனவே இருக்கும் நெட்வொர்க்கின் எம்டியூ, கன்டெய்னரை மறுதொடக்கம் செய்வதால் மாறாது. பலரும் வழுக்குவது இங்கேதான்.

விபிஎன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும் லேப்டாப்பில் எண்ணைக் கட்டிப்போடுவது தொல்லை. அங்கே ஐபிடேபிள்ஸின் ஃபார்வர்டு வழியில் எம்எஸ்எஸ்-ஐப் பாதைக்கேற்ப வெட்டும் விதியை ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கன்டெய்னர் என்ன எண் சொன்னாலும் வெளியே போகும்போது ஹோஸ்ட் அதைத் திருத்திவிடும். என்னைக் கேட்டால் இரண்டில் இதுதான் நிம்மதி.

ஒவ்வொரு முறையும் சரியாக 5 விநாடி காத்திருந்து, பிறகு வேகமாகப் போகிறது. இது என்ன?

அந்த 5 ஒரு கைரேகை. லினக்ஸின் ஜிலிப்சி நூலகம் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால் காத்திருக்கும் நேரம் 5 விநாடி. அதன் பிறகே அடுத்த சர்வரிடம் போகும். முதல் சர்வர் செத்துக் கிடக்கிறது என்பதை அது நினைவிலும் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் மறுபடி 5 விநாடி.

கர்ல் கட்டளை கட்டம் கட்டமாக நேரம் சொல்லும்: பெயர் தேட, இணைப்பு கிடைக்க, முதல் பைட் வர என்று தனித்தனியாகக் கேட்டு வாங்கலாம். பெயர் தேடும் நேரம் 5.0-ஐ ஒட்டியும், மற்றவை எல்லாம் அரை விநாடிக்குள்ளும் இருந்தால் வேறு எங்கும் பார்க்க வேண்டாம்.

டாக்கரில் இது வரும் வழி பெரும்பாலும் இப்படி: டிஎன்எஸ் சர்வர் எது என்று சொல்லும், ஹோஸ்ட்டின் ரிசால்வ் கான்ஃப் கோப்பில் 127 என்று தொடங்கும் லூப்பேக் முகவரி (கணினி தன்னையே குறிப்பது) மட்டும் இருக்கும். இயல்பு பிரிட்ஜில் உள்ள கன்டெய்னருக்கு அது பயன்படாது. கன்டெய்னரின் லூப்பேக் வேறு. உண்மையான சர்வர் எது என்று டாக்கருக்குத் தெரியாமல் போனால் கூகுளின் 8.8.8.8-ஐ எழுதிவிடும். அலுவலக ஃபயர்வால் வெளி டிஎன்எஸ்ஸைத் தடுத்திருந்தால், ஒவ்வொரு கேள்வியும் சுவரில் முட்டும். டீமன் ஜேசனில் அலுவலக டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்தால் தீர்ந்தது. இங்கே 8.8.8.8 என்ற பிரபல வைத்தியம் நோயாகவே இருப்பதைக் கவனியுங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டில் 10.0.2.3 என்ற டிஎன்எஸ் முகவரி தடுமாறினால், ஹோஸ்ட் ரிசால்வர் என்ற விருப்பத்தை அந்த விஎம்முக்கு இயக்கிப் பாருங்கள். கெஸ்ட்டின் கேள்விகளை ஹோஸ்ட்டே தன் வழியில் தேடித் தரும்.

குபர்நெட்டிஸில் வெளி முகவரிகளுக்கு மட்டும் தாமதம். ஏன்?

இரண்டு காரணம். குபர்நெட்டிஸ் (பல சர்வர்களில் கன்டெய்னர்களை நிர்வகிக்கும் மென்பொருள்) கன்டெய்னர்களை "பாட்" (Pod) என்ற அலகுகளாக ஓட்டுகிறது. ஒரு பாட்டின் ரிசால்வ் கான்ஃப் கோப்பில் என்டாட்ஸ் 5 என்று இருக்கும். ஐந்துக்குக் குறைவான புள்ளி உள்ள எந்தப் பெயரையும், முதலில் கிளஸ்டருக்குள் இருக்கிறதா என்று தேடு என்று அர்த்தம். மூன்று பின்னொட்டுகளையும் ஒட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஐபிவி4, ஐபிவி6 இரண்டையும் கேட்டுவிட்டு, அப்புறம்தான் உண்மையான பெயரைக் கேட்கும். இரண்டு கேள்வியில் முடிய வேண்டியது எட்டாகிறது. வெளி முகவரிகளை அதிகம் கூப்பிடும் பாட்டுக்கு டிஎன்எஸ் அமைப்பில் என்டாட்ஸ் எண்ணை 2 ஆக்குங்கள். அல்லது பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள்.

இன்னொன்று, அந்த 5 விநாடி விட்டுவிட்டு வருவது. ஐபிவி4 கேள்வியும் ஐபிவி6 கேள்வியும் ஒரே சாக்கெட்டிலிருந்து ஒரே கணத்தில் கிளம்பும்போது, இணைப்புகளைக் கணக்கு வைக்கும் கெர்னலின் கான்ட்ராக் பகுதியில் இரண்டும் மோதி ஒன்று தொலையும். நோடுலோக்கல் டிஎன்எஸ் கேஷ் (ஒவ்வொரு சர்வரிலும் டிஎன்எஸ் பதில்களைச் சேமித்து வைப்பது) போடுவதுதான் உருப்படியான தீர்வு. "சிங்கிள் ரிக்வெஸ்ட் ரீஓப்பன்" என்ற விருப்பம் ஜிலிப்சியில் வேலை செய்யும். ஆல்பைனின் மசில் நூலகம் அதைக் கண்டுகொள்ளாது.

ஐபிவி6-ஐ அணைத்துவிடலாமா?

சோதனைக்கு வேண்டுமானால். கர்ல் கட்டளையை ஒருமுறை ஐபிவி4 மட்டும், ஒருமுறை ஐபிவி6 மட்டும் என்று ஓட்டுங்கள். ஐபிவி6 பாதி உடைந்திருந்தால், அதாவது முகவரி இருந்து வழி இல்லாவிட்டால், அந்த இடத்தில் தொங்கும். அப்போது உடைந்த வழியைச் சரி செய்யுங்கள். இரண்டும் ஒரே வேகம் என்றால் அதைத் தொடவே வேண்டாம்.

ஆஃப்லோடை அணைத்தால் வேகம் கூடும் என்கிறார்களே?

பொதுவாகக் குறையும். கெர்னல் 64 கிலோபைட் வரை உள்ள பெரிய துண்டை ஒரே தடவையாகக் கார்டிடம் கொடுத்து, அதை நறுக்கும் வேலையைக் கார்டிடமே விடுவதுதான் ஆஃப்லோடு. அணைத்தால் அதே துண்டை 45 பாக்கெட்டாகச் சிபியூவே நறுக்க வேண்டும்.

ஆனால் அணைத்தால்தான் தீரும் என்று நன்றாகத் தெரிந்த சில இடங்கள் உண்டு. ஹைப்பர்-வி ஹோஸ்ட்டில் பிராட்காம் நெட்எக்ஸ்ட்ரீம் 1 ஜிகாபிட் கார்டு இருந்தால் விஎம்க்யூ என்ற வசதி விஎம்களை முடக்கிப் போடும். டிரைவரைப் புதுப்பியுங்கள், முடியாவிட்டால் விஎம்க்யூவை அணையுங்கள். ஃப்ளானல் என்ற நெட்வொர்க் மென்பொருள் விஎக்ஸ்லேன் முறையில் ஓடும் சில குபர்நெட்டிஸ் கிளஸ்டர்களில் சர்வீஸ் முகவரிக்கு இணைப்பு கிடைக்கச் சரியாக 63 விநாடி ஆன சம்பவமும் பிரசித்தம். தொடக்கப் பாக்கெட் தவறான செக்சம்மோடு (பிழை இருக்கிறதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) போய்த் தொலைந்து, 1, 2, 4, 8, 16, 32 விநாடி இடைவெளிகளில் மறுபடி மறுபடி அனுப்பப்பட்டது, கூட்டினால் 63. ஃப்ளானல் கார்டில் செக்சம் ஆஃப்லோடை அணைத்ததும் சரியானது.

அணைப்பதானால் ஒரு நேரத்தில் ஒன்றை அணைத்து, அளந்து, பயனில்லை என்றால் திரும்ப இயக்குங்கள்.

டபிள்யூஎஸ்எல்2-வில் கிட் குளோனும் என்பிஎம் இன்ஸ்டாலும் ரொம்ப நேரம் எடுக்கின்றன.

எந்த ஃபோல்டரில் நின்று ஓட்டுகிறீர்கள்? சி டிரைவின் கீழ் என்றால், அது நெட்வொர்க் பிரச்சினையே இல்லை. லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவுக்கு எழுதும் ஒவ்வொரு சிறு கோப்பும் 9பி என்ற நெறிமுறை வழியாகத் தாண்டிப் போகிறது. ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் உள்ள நோடு மாட்யூல்ஸ் அங்கே இழுக்கத்தான் செய்யும். லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்து ஓட்டிப் பாருங்கள்.

அங்கேயும் மெதுவாக இருந்தால், விண்டோஸில் விஈதர்நெட் டபிள்யூஎஸ்எல் என்ற அடாப்டரின் பண்புகளில் லார்ஜ் சென்ட் ஆஃப்லோடு என்பதை அணைத்து அளந்து பாருங்கள். விண்டோஸ் 11-இன் 22எச்2 பதிப்பிலிருந்து மிரர்டு நெட்வொர்க் முறை கிடைக்கிறது. விபிஎன் பயன்படுத்துபவர்கள் அதையும் முயன்று பார்க்கலாம். விபிஎன் ஏறும்போது மட்டும் தொங்கினால், மேலே சொன்ன எம்டியூ பதிலுக்குப் போங்கள்.

டாக்கர் புல் மட்டும் மெதுவாக இருக்கிறது.

"டவுன்லோடிங்" என்று காட்டும்போதா, "எக்ஸ்ட்ராக்டிங்" என்று காட்டும்போதா? இரண்டாவது என்றால் வேலை செய்வது டிஸ்க்கும் சிபியூவும். நெட்வொர்க் சும்மா இருக்கிறது. டவுன்லோடுதான் என்றால், டாக்கர் இயல்பாக 3 லேயர்களை மட்டுமே ஒரே நேரத்தில் இறக்கும். அந்த எண்ணை உயர்த்தலாம். டாக்கர் ஹப்பின் வரம்பைத் தாண்டினால் 429 பிழை வரும், வேகம் குறையாது. குழுவாக வேலை செய்யும் இடத்தில் உள்ளேயே ஒரு ரெஜிஸ்ட்ரி மிரர் (இமேஜ்களின் உள்ளூர் நகல்) வைத்துக்கொள்வது எல்லாவற்றையும் விட நல்லது.

ரூட்லெஸ் டாக்கர், பாட்மேன் (டாக்கருக்கு மாற்றான கருவி) ஏன் மெதுவாக உள்ளன?

ரூட் உரிமை இல்லாமல் கெர்னல் பிரிட்ஜை ஹோஸ்ட்டோடு இணைக்க முடியாது. எனவே ஸ்லிர்ப்4நெட்என்எஸ் என்ற யூசர்ஸ்பேஸ் வழி. பாட்மேன் 5.0 முதல் பாஸ்டா என்பதை இயல்பாக வைத்திருக்கிறது. அது கணிசமாக வேகமானது. பழைய பாட்மேனில் இருந்தால் மேம்படுத்துவதே மருந்து.

கிளவுட் விஎம்மில் முதல் சில நிமிடம் பறக்கிறது, பிறகு படுத்துவிடுகிறது.

மலிவான விஎம் வகைகளில் "இவ்வளவு ஜிகாபிட் வரை" என்று எழுதியிருக்கும். அந்த "வரை" முக்கியம். சேர்த்து வைத்த கிரெடிட் தீரும்வரைதான் உச்ச வேகம். சிபியூவுக்கும் இதே கதை: அமேசானின் டி2 மைக்ரோவுக்கு அடிப்படை ஒரு சிபியூவின் 10 சதவீதம் மட்டுமே, கிரெடிட் தீர்ந்தால் டிஎல்எஸ் பிரிக்கவே சிபியூ போதாது, பார்ப்பவருக்கு அது நெட்வொர்க் மந்தமாகத் தெரியும். டாப் கட்டளையில் எஸ்டி என்ற எண்ணைப் பாருங்கள். அது தொடர்ந்து பத்து, இருபது என்று நின்றால் உங்கள் சிபியூ நேரம் உங்கள் கைக்கு வரவில்லை. உள்ளே எதைத் திருத்தினாலும் மாறாது. வகையை மாற்ற வேண்டும்.

கூட்டம் அதிகமான நேரத்தில் மட்டும் புது இணைப்புகள் திணறுகின்றன. பழையவை நன்றாக ஓடுகின்றன.

ஹோஸ்ட்டின் டிமெசேஜ் பதிவில் "என்எஃப் கான்ட்ராக் டேபிள் ஃபுல்" என்ற வரியைத் தேடுங்கள். நேட் நினைவில் வைக்கும் பட்டியல் நிரம்பி, புதியவை விழுகின்றன. வரம்பை உயர்த்துங்கள், கூடவே, இணைப்பைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கும் செயலி எது என்றும் பாருங்கள்.

எல்லாம் பார்த்தும் பிடிபடவில்லை. உதவி கேட்கும்போது என்ன எழுதுவது?

"நெட் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. ஹோஸ்ட் இயங்குதளம், ஹைப்பர்வைசரின் பெயரும் பதிப்பும், கார்டு வகை, நேட்டா பிரிட்ஜா, விபிஎன் உண்டா என்று எழுதுங்கள். ஹோஸ்ட்டிலும் உள்ளேயும் எடுத்த ஐபெர்ஃப்3 எண்கள் இரு திசைக்கும் வேண்டும். இருபுறத்து எம்டியூ, கர்லின் கட்டவாரி நேரம் இரண்டையும் ஒட்டுங்கள். இதுவரை எதையெல்லாம் மாற்றினீர்கள், அதில் எதைத் திரும்ப வைக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பொது முகவரிகளையும் கடவுச்சொற்களையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள், 10, 172.17 என்று தொடங்கும் உள் முகவரிகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள், படிப்பவருக்கு முதல் துப்பு அவற்றில்தான் கிடைக்கும்.